ஒரு வேட்பாளர், இரண்டு படிவங்கள்

அத்தியாயம் ஒன்பது

நகர மன்றத் தேர்தலுக்குப் போட்ட வேட்புமனுவை வாபஸ் வாங்கச் சொல்லி வீடு தேடி வந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் டீ கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பி, "வாபஸ் மட்டும் கிடையாதுங்க" என்று சிரித்த முகமாகச் சொன்ன டிரைவிங் டீச்சரைப் போன வாரம் பார்த்தோம். அவர்கள் தலை மறைந்ததும் அதே டீச்சர் சமையலறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்ததும், அதைக் கணவர் பார்த்தும் பார்க்காததுபோல் பேப்பரைத் திருப்பிக்கொண்டதும் நினைவிருக்கும்.

இந்த வாரம் அந்தக் கணவர் பாடுதான் திண்டாட்டம்.

கண்ணாடிக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் அங்கேயே, திரைக்குப் பின்னால். காலை ஒன்பதரைக்கு ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று அவர் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"குடியிருப்போர் மன்றச் செயலாளர் பேசுறேன்."

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுபோலத்தான் பேசுவார்.

"சொல்லுங்க சார்."

"வேட்பாளருங்க எல்லாருக்கும் பன்னெண்டு கேள்வி அனுப்பியிருந்தோம். உங்க வீட்டம்மா பதில் அனுப்பியிருக்காங்க. ரெண்டு அனுப்பியிருக்காங்க."

"ரெண்டா?"

"ஒண்ணாம் கேள்வி, கடவுள் நம்பிக்கை உண்டா. ஒரு படிவத்துல 'என் மூச்சே அதுதான்'னு இருக்கு. இன்னொண்ணுல 'இல்லை'. ஒரே வார்த்தை, கீழ கோடு வேற. ரெண்டுலயும் கையெழுத்து அச்சு அசல் ஒண்ணா இருக்கு. நான் எதைப் படிக்கிறது?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தார். 'என் மூச்சே அதுதான்' அவருடைய சொந்தச் சரக்கு. அந்த வரி வந்த சந்தோஷத்தில் இரண்டு நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம்" என்றார் செயலாளர். "அதுக்குள்ள வேட்பாளரே நேர்ல வந்து ஒண்ணை அடிச்சுக் குடுக்கணும். இல்லேன்னா ரெண்டையும் படிச்சுடுவேன். அஞ்சு அடிச்சு ஒரு நிமிஷத்துக்கு வந்தா வண்டி போயிடும்."

போனை வைத்தபோது, "முன்னாடி போட்டதுதாங்க தெளிவா இருந்துது" என்றார் வாடிக்கையாளர். கண்ணாடிக்காரர் பழைய வில்லையையே மறுபடி மாட்டிவிட்டார்.

இந்த இடத்தில் அந்த வீட்டு ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

டிரைவிங் பள்ளியில் பழக வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி அட்டை உண்டு. தினமும் ஓட்டி முடித்ததும் அதில் டீச்சர் கையெழுத்திட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளியின் ஷட்டரை இழுத்து மூடும்போது டீச்சரின் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அட்டைகள் குவிந்தன. வீடே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவள் கையெழுத்தைப் பழகியது. டீச்சர் நடுவில் உட்கார்ந்து, "வால் இன்னும் கொஞ்சம் நீளம்" என்று திருத்தினாள். கணவர் தேறினார். தங்கை தேறினாள். டீச்சரின் அம்மா, அதாவது கண்ணாடிக்காரரின் அத்தை, போட்டது அசலைவிட அசலாக இருந்தது. கட்டைப் பிரித்த பிறகும் பழக்கம் விடவில்லை. டீச்சருக்கு நேரமில்லாத நாளில் யார் கையில் பேனா இருக்கிறதோ அவர்தான் டீச்சர்.

மன்றத்தார் படிவத்தை வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததைக் கண்ணாடிக்காரர் எழுதினார். மனைவி காலையில் கிளம்பினால் தெருத் தெருவாக நடந்துவிட்டு இருட்டித்தான் திரும்புகிறாள். இதற்கும் அவளை ஏன் உட்கார வைப்பது என்று நினைத்தார். பள்ளிக்கு வந்ததை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். டீச்சரின் தங்கை, அந்த வீட்டின் சின்னவள், மாலையில் அங்கே உட்கார்ந்து போன் எடுப்பாள். பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவர் அங்கே ஓடினார்.

"கைய மடக்கிப் பிடிங்க" என்றாள் சின்னவள், நிமிராமலே.

"நான்தாம்மா."

"மாமாவா? என்ன, சர்க்கரை பாக்கணுமா?"

"இந்நேரம் அது தாறுமாறா ஏறியிருக்கும். விஷயம் அது இல்ல."

விஷயத்தைக் கேட்டதும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "நீங்களும் எழுதினீங்களா?"

"உன்னை யாரு 'இல்லை'ன்னு எழுதச் சொன்னது?"

"அக்கா நம்பறதில்ல மாமா. அதான் எழுதினேன்."

"வாரா வாரம் அத்தையைக் கூட்டிகிட்டு பிரார்த்தனைக்குப் போறாளேம்மா."

"கூட்டிகிட்டுப் போறா. உள்ள போறதில்ல. எதிர்ல மரத்தடியில காரை நிறுத்திட்டு, ஒரு மணி நேரமும் அதுக்குள்ளயே உக்காந்திருப்பா. என் பஸ் அந்த வழியாத்தான் போகும். அப்பா போனதுலேருந்து அப்படித்தான். நாலு வருஷம் ஆச்சு."

கண்ணாடிக்காரர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார். அவளுக்குக் காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எந்தச் செருப்பு கடிக்கும், எந்தச் சொந்தக்காரர் வந்தால் தலைவலி வரும், எல்லாம் அத்துபடி. இது தெரியவில்லை. கார் வாரம் தவறாமல் கிளம்புவதைப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதே கார் மரத்தடியில் நிற்பதைப் பார்த்துச் சின்னவள் வேறொரு முடிவுக்கு வந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட கேட்டியா?"

"இதையெல்லாம் எப்படி மாமா வாயைத் திறந்து கேக்கறது?"

"அப்ப உனக்கும் தெரியாது."

அவள் பஞ்சைக் கிழிக்க ஆரம்பித்தாள். பிறகு மற்ற பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மதுக்கடை பற்றி அவர், 'ஒரே நாளில் அத்தனையும் மூடப்படும்' என்று எழுதியிருந்தார். அவள், 'அது அவரவர் சுதந்திரம்' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அவர், 'குடும்பங்களுக்கு ஏற்றதல்ல'. அவள், 'ஒன்றாம் வகுப்பிலிருந்தே.'

"ஒன்றாம் வகுப்புலேயா?" என்றார் அவர்.

"கொஞ்சம் வேகத்துல எழுதிட்டேன்" என்றாள். "மாமா, பேசாம நாம ரெண்டு பேரும் உக்காந்து நடுவாந்திரமா மூணாவது ஒண்ணு எழுதிடலாமா?"

ஒரு கணம் அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "நேர்ல வரணுமாம்" என்றார்.

"அம்மாவை நெனச்சாத்தான் பயமா இருக்கு. பதினோரு தெரு ஏறி இறங்கியிருக்காங்க. 'என் பொண்ணு பிரார்த்தனைய ஒரு வாரம் விட்டவ இல்ல'ன்னு வீட்டுக்கு வீடு சொல்லியிருக்காங்க."

அவருக்கும் அதே பயம்தான். டீச்சர் உண்மையைச் சொன்னால் பதினோரு தெருவிலும் அத்தை பொய் சொன்னவராகிவிடுவார். சொல்லாவிட்டால் டீச்சரே பொய் சொன்னவளாகிவிடுவாள். அம்மாவா, மேடையா என்று அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது இவர்கள் இரண்டு பேரின் பேனா.

தேர்தல் நேரமானாலும் காலைப் பயிற்சியை டீச்சர் விடுவதில்லை. மைதானத்தைச் சுற்றும் சாலையில் பள்ளிக் கார் ஊர்ந்து வந்தபோது கண்ணாடிக்காரர் கை காட்டி நிறுத்தி, பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஒரு தையல்காரம்மா, மூன்றாம் நாள் பயிற்சி. டீச்சர் பக்கத்து இருக்கையில், தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்தபடி.

"இந்நேரத்துல என்ன?" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். 'என் மூச்சே அதுதான்' என்ற இடம் வந்ததும் தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்து கால் நழுவியது. வண்டி குலுங்கி நின்றது.

"கிளட்ச்" என்றாள் டீச்சர் மெதுவாக. பிறகு, "எத்தனை கேள்வி?" என்றாள்.

"பன்னெண்டு."

"பன்னெண்டுல ஒண்ணையாவது என்கிட்ட கேக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை."

"உனக்கு நேரமில்லைன்னுதான்..."

"நேரமில்லைன்னு நீங்க எழுதலை. பதில் தெரியும்னு நெனச்சு எழுதினீங்க."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"சரி, இப்ப கேக்கறேன். நீ..."

"இப்ப வேணாம். அஞ்சு மணிக்கு ஊரே கேக்கப் போகுது. கூட உக்காந்து நீங்களும் கேட்டுக்குங்க."

"அத்தைகிட்டயாவது முன்கூட்டியே சொல்லிட்டா நல்லது."

"நான் சொல்லிக்கறேன்." அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வண்டிய எடுக்கட்டுங்களா?" என்றாள் தையல்காரம்மா.

சொல்லிக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. மதியம் டீச்சர் வீட்டுக்குப் போனபோது அம்மா கிளம்பிவிட்டிருந்தார். மன்றத்து மண்டபத்துக்கு வந்து பார்த்தால், முதல் வரிசையில் நடு நாற்காலி. வலப்பக்கம் இரண்டு அண்டை வீட்டுக்காரிகள், இடப்பக்கம் மூன்று. பெண் மேடை ஏறுவதைப் பார்க்க அழைத்து வந்திருக்கிறார். டீச்சரைப் பார்த்ததும், "அதோ என் பொண்ணு" என்று ஐந்து பேருக்கும் காட்டினார்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. செயலாளர் கடிகாரத்தை மேஜையில் வைத்து, இரண்டு படிவங்களையும் நீட்டினார். டீச்சர் நின்றபடியே இரண்டையும் முழுவதும் படித்தாள். கணவர் எழுதியதைப் படிக்கும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது கீழே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. பிறகு பேனாவை வாங்கி இரண்டையும் குறுக்கே அடித்தாள்.

"ரெண்டுமா?" என்றார் செயலாளர்.

"ரெண்டும் எங்க வீட்டுல எழுதினது. என் மேல இருக்கற பிரியத்துல எழுதினது. ஆனா நான் எழுதலை. என் பதிலை நேராவே சொல்லிடறேன்."

செயலாளர் விதிமுறைத் தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார். தடை எதுவும் காணோம். "சரி" என்றார், அரை மனசாக.

முதலில் பாத்திரக்கடை முதலாளி. எதிர்த்து நிற்கிறவர்களில் பலமான கை. பன்னிரண்டு கேள்விக்கும், 'பெரியவர்கள் காட்டிய வழியில் நடப்பேன்' என்று ஒரே பதிலை எழுதியிருந்தார். செயலாளர் அதைப் பன்னிரண்டு முறையும் சளைக்காமல் படித்தார். ஏழாவது முறைக்கு மேல் பின்வரிசையும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது.

அடுத்து டீச்சர். "ஒண்ணாம் கேள்வியைக் கடைசியில வெச்சுக்கலாமா சார்?"

"வரிசை மாறினா..."

"மாறட்டும் விடுங்க" என்றது கூட்டம்.

மதுக்கடை. "மூடுறேன்னு சொன்னா நீங்க கை தட்டுவீங்க. மூடுற அதிகாரம் நகர மன்றத்துக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கறதை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லித் தீர்மானம் போடலாம். அதைப் போடுவேன்." சின்னவள் முகம் வாடியது. கண்ணாடிக்காரரின் முகமும்தான்.

பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிய பாடம். "வேணும். பத்து வயசுலேருந்து. முதல் வகுப்புல அம்மா அப்பாவை உக்கார வெச்சு."

மதம் விட்டு மதம் கல்யாணம். "வயசு வந்த ரெண்டு பேர் வந்து கேட்டா பதிவு பண்ணிக் குடுக்கணும். என் வீட்டுல நடந்தா நான் ரெண்டு நாள் அழுவேன். மூணாம் நாள் கூப்பிட்டுச் சோறு போடுவேன்." பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

கணவரை விட்டு வந்த பெண்களுக்கு விடுதி. இங்கே அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "இருபது வருஷமா ஓட்டக் கத்துக்குடுக்கறேன். என்கிட்ட வந்தவங்கள்ல ஒரு நாப்பது பேராவது, வீட்டை விட்டுக் கிளம்பணும்னே கத்துக்க வந்தவங்க. எங்க போவீங்கன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. அந்த விடுதி வேணும். குடும்பத்தைப் பிரிக்குதுன்னு சொல்றவங்க ஒரு நாள் என் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்து பாருங்க."

கை தட்டல் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, தயங்கித் தயங்கி மற்ற மூலைக்குப் போனது. கண்ணாடிக்காரரும் தட்டினார். தான் எழுதியதில் இதுவரை ஒன்றுகூட இவள் பதிலுக்குப் பக்கத்தில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் தட்டினார்.

மற்றவை முடிந்ததும், "ஒண்ணாம் கேள்வி" என்றார் செயலாளர். "கடவுள் நம்பிக்கை உண்டா?"

டீச்சர் முதல் வரிசையைப் பார்த்தாள்.

"எங்க அம்மா உங்க வீட்டுக்கெல்லாம் வந்து சொன்னது பொய் இல்ல. நான் வாரம் தவறாம வர்றேன். வாசல் வரைக்கும். உள்ள வந்து நாலு வருஷம் ஆச்சு."

ஐந்து அண்டை வீட்டுக்காரிகளும் ஒரே நேரத்தில் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அத்தை எழுந்தார். கண்ணாடிக்காரர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. "பக்கத்துல நீ இல்லைங்கறது கூடவா தெரியாது? திரும்பி வர்றப்ப உன் கண்ணு செவந்திருக்கும். தூசின்னு நெனச்சுக்குவேன். கேக்க பயம். இன்னிக்கு இத்தனை பேர் துணைக்கு இருக்காங்க, கேட்டுடறேன். ஒரு மணி நேரம் அந்தக் காருக்குள்ள என்ன பண்றே?"

டீச்சர் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"அப்பா படுத்திருந்தப்ப மூணு மாசம் விடாம வேண்டினேன். கேக்கலை. உள்ள வந்தா எல்லார் முன்னாடியும் சண்டை போட்டுடுவேன்னு பயமா இருந்துது. அதான் கார்லயே உக்காந்து போட்டேன்."

"யாரோட?"

"மேல இருக்கறவரோடதான்."

"நாலு வருஷமாவா?"

"வாரா வாரம்."

செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் என்ன எழுதட்டும்? உண்டா, இல்லையா?"

"உண்டுன்னு எழுதிக்குங்க" என்றார் அத்தை. "இல்லாத ஆளோட யாரும் நாலு வருஷம் சண்டை போட மாட்டாங்க."

மண்டபமே சிரித்தது. டீச்சர் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். செயலாளர் மட்டும் சிரிக்காமல், 'உண்டு. தகராறு நிலுவையில்' என்று எழுதிக் கீழே தேதி போட்டார்.

"ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க" என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தச் சண்டை எனக்கும் அவருக்கும் நடுவுல. நீங்க எப்படி வாழணும்னு நான் அதை வெச்சு முடிவு பண்ண மாட்டேன்."

அத்தை உட்கார்ந்து, வலப்பக்கத்து அண்டை வீட்டுக்காரியிடம், "கேட்டியா, என் பொண்ணு" என்றார். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதனால் ஓட்டு கூடுமா குறையுமா என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அது முக்கியமாகவும் படவில்லை.

கலையும் நேரத்தில் செயலாளர் மறுபடி மைக்கைத் தட்டினார். "ஒரு அறிவிப்பு. வேட்பாளருங்க வீட்டுல படிவம் எழுதுற ஆர்வம் அதிகமா இருக்கறது தெரியுது. அதனால அடுத்த வாரம் வேட்பாளருங்களோட கணவன் மனைவி மேடைக்கு வரணும். அதே பன்னெண்டு கேள்வி. எழுதிகிட்டு வரக்கூடாது."

காரில் திரும்பும்போது டீச்சர் ஓட்டினாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில். பின்னால் அத்தையும் சின்னவளும், பாத்திரக்கடை முதலாளி ஏழாவது தடவை முழித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒண்ணாம் கேள்விக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் டீச்சர்.

"அதுக்கென்ன, இன்னும் ஒரு வாரம் இருக்கே."

"மேடையில சொல்றதைக் கேக்கலை. நான் கேக்கறேன். எனக்குச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். 'மூச்சே அதுதான்' என்று எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அது அவளுக்காக எழுதியது. தனக்கென்று ஒரு வார்த்தை தேடினால் எதுவும் அகப்படவில்லை. தினமும் கடையைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். அது பிரார்த்தனையா, தூக்கக் கலக்கமா என்று இதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. அத்தை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் முகத்தை நீட்டினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நானும் பதினெட்டு வருஷமாக் கேக்கணும்னுதான் இருக்கேன்."